வளையும் கேபிள், வளையாத பார்ட்ஸ் லிஸ்ட்

இந்த இதழுக்கு எடுத்துக்கொண்ட கேள்விகள் எல்லாம் ஒரே குடும்பம். கேபிள், ஹோஸ், ஸ்பிரிங், ஓ-ரிங் என்று கையில் எடுத்தால் வளைந்து கொடுப்பவை, கேட் (கணினியில் பாகங்களை வரையும் CAD) மென்பொருளுக்குள் போனதும் கம்பியாக விறைத்துக்கொள்பவை. கேட்டவர்கள் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கத்து வாசகர்கள்.

ஓசூர், ஃபிக்ஸ்ச்சர் வடிவமைப்பாளர்: எம்12 பிளக்கோடு 2 மீட்டர் நீளத்தில் வாங்குகிற சென்சார் கேபிள் ஒன்று, ஃபிக்ஸ்ச்சரில் (வேலைப்பொருளைப் பிடித்து வைக்கும் அமைப்பு) நான்கு இடங்களில் நான்கு விதமாக வளைந்து போகிறது. நான்கு பார்ட் ஃபைல் போட்டேன். பார்ட்ஸ் லிஸ்டில் (வாங்க வேண்டிய பாகங்களின் பட்டியல்) நான்கு வரி வந்து, "நாலும் வேற வேற கேபிளா சார்?" என்று பர்ச்சேஸில் கேட்கிறார்கள். ஒரே ஃபைலில் முடிக்க வழி உண்டா?

உண்டு. பார்ட் நம்பர் ஸ்டோர்ஸ் அலமாரியில் சுருண்டு கிடக்கிற கேபிளுக்குச் சொந்தம். வளைவோ அது போய் உட்காருகிற அசெம்பிளிக்குச் சொந்தம். ஒவ்வொரு வளைவையும் ஒரு தனிப் பொருளாக்கிவிட்டதால்தான் உங்களுக்கு நான்கு வரி வருகிறது.

உங்கள் கேட் மென்பொருள் சாலிட்வொர்க்ஸ் 2020 அல்லது அதற்குப் பிந்தையது என்றால் இப்படிச் செய்யுங்கள். முதல் கேபிளை அசெம்பிளிக்குள் இருந்தபடியே, அங்குள்ள பிளக் முகத்தையும் சென்சார் முகத்தையும் பிடித்து வரையுங்கள். அதே பார்ட்டை இரண்டாம் இடத்தில் செருகி, வலது கிளிக்கில் 'மேக் பார்ட் ஃப்ளெக்சிபிள்' கொடுங்கள். முதலாவது எந்தெந்த முகத்தைப் பிடித்திருந்ததோ, அதற்கு ஈடாக இங்கே எதைப் பிடிப்பது என்று கேட்கும். காட்டிவிட்டால் வளைவு மாறும், ஃபைல் மாறாது. பட்டியலில் ஒரே வரி, எண்ணிக்கை மட்டும் ஏறும்.

இதில் பலர் சறுக்கும் இடம் நடுவில் வரும் கிளாம்ப். இரு முனைகளை மட்டும் முகத்தோடு கட்டி, ஸ்ப்ளைனின் (கேபிளின் வழியைக் காட்டும் வளைகோடு) நடுப் புள்ளிகளைச் சும்மா இழுத்து வைத்திருந்தால், இரண்டாம் இடத்தில் முனைகள் சரியாக உட்கார்ந்தும் நடுப்பகுதி எங்கோ வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். நடுப் புள்ளி ஒவ்வொன்றையும் கிளாம்ப் துளையின் அச்சோடு கட்டியிருக்க வேண்டும். ஒரு கேபிளுக்கு இரண்டு கிளாம்ப், இன்னொன்றுக்கு ஐந்து என்றால் இந்த முறை ஒத்துவராது. அப்போது ஒரே பார்ட்டுக்குள் நான்கு கான்ஃபிகரேஷன் (ஒரே ஃபைலின் மாற்று வடிவங்கள்), ஒவ்வொன்றுக்கும் தனி 3டி ஸ்கெட்ச் என்று போங்கள். கான்ஃபிகரேஷன் ப்ராப்பர்ட்டீஸில், பட்டியலில் காட்டும் பார்ட் நம்பர் 'டாக்குமென்ட் நேம்' என்று நான்கிலும் இருக்கட்டும். பி.ஓ.எம். (மென்பொருள் தரும் பாகப் பட்டியல்) அமைப்பில் ஒரே பார்ட்டின் எல்லா கான்ஃபிகரேஷனையும் ஒரே ஐட்டமாகக் காட்டும் தேர்வையும் போட்டுவிடுங்கள்.

கிரியோ மென்பொருளில் பார்ட்டின் மாடல் ப்ராப்பர்ட்டீஸில் 'ஃப்ளெக்சிபிள்' என்ற இடத்தில் எந்தெந்த அளவு மாறலாம் என்று பதிந்து வைத்து, அசெம்பிளியில் 'மேக் ஃப்ளெக்சிபிள்' கொடுக்க வேண்டும். சாலிட் எட்ஜில் இதன் பெயர் 'அட்ஜஸ்டபிள் பார்ட்'.

இன்வென்டர் மென்பொருளில் வேலை செய்கிறவர்கள் 'அடாப்டிவ்' என்ற சொல்லைப் பார்த்து ஏமாந்துவிடுகிறார்கள். அடாப்டிவ் மாற்றுவது ஃபைலையே. ஆகவே முதல் இடத்துக்கு ஏற்ப வளைத்தால் மற்ற மூன்று இடங்களிலும் அதே வளைவுதான் வரும். 2022 முதல் 'மாடல் ஸ்டேட்' உண்டு, அதில் நான்கு வளைவையும் ஒரே ஃபைலில் வைக்கலாம். பழைய பதிப்பு என்றால் நான்கு ஃபைல் போட்டு, நான்குக்கும் ஒரே பார்ட் நம்பர் எழுதி, பி.ஓ.எம். பகுதியில் 'பார்ட் நம்பர் ரோ மெர்ஜ்' தேர்வைப் போடுங்கள். நான்கு வரியும் ஒன்றாகச் சேர்ந்துவிடும்.

இனி நீளம். வாங்குவது 2 மீட்டர் என்றால் மாடலிலும் 2000 மி.மீ. இருந்தாக வேண்டும். ஸ்ப்ளைனை அளந்து பார்த்தால் 1730 என்று வருகிறது என்று வையுங்கள். மீதி 270 மி.மீ. கேபிள் உண்மையில் எங்கோ தொங்கத்தான் போகிறது, பெரும்பாலும் ஸ்லைடு நகர்கிற வழியில். 80 மி.மீ. விட்டத்தில் ஒரு சுற்று சுற்றினால் 251 மி.மீ. போய்விடும். அந்தச் சுற்றையும் மாடலில் போட்டு, அதற்கு ஒரு கிளிப்பும் கொடுத்துவிட்டால், அசெம்பிளி செய்கிறவர் தன் விருப்பத்துக்கு எங்காவது செருக மாட்டார்.

ஸ்ப்ளைனில் புள்ளிகள் எவ்வளவு குறைவோ அவ்வளவு நல்லது. பிளக்கை விட்டு வெளியே வந்ததும் 25 மி.மீ. நேர்க்கோடு, பிறகு அதற்குத் தொடுகோடாக ஸ்ப்ளைன் என்று வரையுங்கள். 'ஷோ மினிமம் ரேடியஸ்' போட்டு மிகச் சிறிய வளைவைப் பாருங்கள். அசையாமல் கட்டிய கண்ட்ரோல் கேபிளுக்கு வெளிவிட்டத்தின் 4 மடங்கு, டிராக் செயினில் (கேபிளைச் சுமந்து நகரும் கண்ணிச் சங்கிலி) ஓடுவதற்கு 7.5 முதல் 10 மடங்கு ஆரம் என்பது பொதுவாகக் காணும் கணக்கு. ஆனாலும் அந்தந்தக் கேபிளின் டேட்டா ஷீட்டில் உள்ளதே இறுதி. ஸ்வீப் (ஸ்ப்ளைன் வழியே வட்டத்தை இழுத்துக் கேபிள் உருவம் எடுப்பது) திடீரென்று பிழை காட்டினால் மென்பொருளைத் திட்டுவதற்கு முன் வளைவைப் பாருங்கள். பாதையின் ஆரம் கேபிளின் பாதி விட்டத்துக்கும் கீழே போனால் உருவம் தன்னைத்தானே வெட்டிக்கொள்ளும், ஸ்வீப் நின்றுவிடும்.

பர்கூர், பேனல் போர்டு பட்டறை: மீட்டர் கணக்கில் சுருளாக வாங்கி வெட்டுகிற கேபிளுக்கும் பட்டியலில் "6 எண்ணம்" என்று வருகிறது. மீட்டரில் வரவழைப்பது எப்படி? 100 மீட்டர் சுருள் 60 மெஷினுக்கு வரும் என்று கணக்குப் போட்டோம், பாதி வழியிலேயே தீர்ந்துவிட்டது.

இன்வென்டரில் அந்தக் கேபிள் பார்ட்டைத் திறந்து, டாக்குமென்ட் செட்டிங்ஸில் பில் ஆஃப் மெட்டீரியல்ஸ் பக்கத்துக்குப் போங்கள். 'பேஸ் குவான்டிட்டி' என்ற இடத்தில் 'ஈச்' என்று இருக்கும். அதை நீளம் உள்ள பாராமீட்டருக்கு மாற்றி, அலகை மீட்டராக்குங்கள். சாலிட்வொர்க்ஸில் ஃபைல் ப்ராப்பர்ட்டீஸின் கஸ்டம் பக்கத்தில் 'பி.ஓ.எம். குவான்டிட்டி' என்றொரு தேர்வுப் பெட்டி மேலே ஓரத்தில் இருக்கிறது, பலர் கண்ணில் படுவதே இல்லை. நீளத்தை ஒரு ப்ராப்பர்ட்டியாக எழுதி அதை அங்கே தேர்ந்தெடுக்க வேண்டும்.

எதில் செய்தாலும் முதல் பட்டியலைக் கையால் கூட்டிப் பாருங்கள். 1.85, 2.40, 0.95 என்று மூன்று துண்டுகள் இருந்தால் 5.20 வர வேண்டும். அளவு நெடுவரிசைக்குத் தசம இடம் சுழி என்று இருந்தால் ஒவ்வொன்றும் முழு எண்ணாகத் திரண்டு 2, 2, 1 என்று நிற்கும். பழைய டெம்ப்ளேட்டில் இது தெரியாமலே வருடக்கணக்காக இருக்கும்.

சுருள் தீர்ந்த கதைக்கு வருவோம். உங்கள் கடிதத்தில் மாடல் நீளம் 1640 மி.மீ. என்று எழுதியிருக்கிறீர்கள். 100 மீட்டரை 1.64-ஆல் வகுத்தால் 60 துண்டு, கணக்கு சரிதான். ஆனால் 1640 என்பது கிளாண்டிலிருந்து (பேனல் சுவரில் கேபிள் நுழையும் பிடிப்பான்) கிளாண்டு வரை. பேனலுக்குள் டெர்மினல் வரை போக ஒவ்வொரு முனையிலும் 150, கழற்றி மாட்டச் சர்வீஸ் லூப் 100 என்று வையுங்கள். மொத்தம் 2040. வெட்டுகிறவர் 2050 என்று அளந்துதான் வெட்டுவார். 100 மீட்டரில் 48 துண்டுதான் தேறும். பன்னிரண்டு மெஷினுக்கு இடிக்கிறது.

ஆகவே மாடலில் இரண்டு பாராமீட்டர் வையுங்கள்: ஸ்ப்ளைனிலிருந்து வருவது வழி நீளம், அதோடு முனைக் கூட்டலைச் சேர்த்து மேல்நோக்கி 50-க்குத் திரட்டியது வெட்டு நீளம். பட்டியலுக்குப் போக வேண்டியது இரண்டாவது. முனைக் கூட்டல் எவ்வளவு என்று டிராயிங் அறையில் உட்கார்ந்து முடிவு செய்யாதீர்கள். வயரிங் செய்பவரிடம் கேட்டு, பேனலுக்குப் பேனல் அளந்து எழுதுங்கள்.

தொய்வைப் பற்றியும் ஒரு சொல். இரு கிளாம்ப்களுக்கு இடையே 1000 மி.மீ. இருந்து, நடுவில் 80 மி.மீ. தொங்கினால் கேபிள் எவ்வளவு கூடுதலாகப் பிடிக்கும்? 17 மி.மீ.தான். தொய்வின் வர்க்கத்தை 8-ஆல் பெருக்கி, இடைவெளியின் மும்மடங்கால் வகுத்தால் வரும் தோராயக் கணக்கு இது. அதையே திருப்பிப் போடுங்கள்: யாரோ 50 மி.மீ. கூடுதலாக வெட்டிவிட்டால் தொய்வு 137 மி.மீ. ஆகிவிடும். கொஞ்சம் நீளம் கூடினாலும் கேபிள் நிறையத் தொங்கும், கீழே சங்கிலியோ புல்லியோ ஓடுகிற மெஷினில் இது விளையாட்டல்ல.

அதே வாசகர்: கேபிளுக்கு மெட்டீரியல் காப்பர் என்று கொடுத்தேன். மெஷின் எடை எக்கச்சக்கமாக ஏறிவிட்டது.

ஏறத்தான் செய்யும். 10 மி.மீ. விட்டத்துக்கு முழுக் காப்பர் கம்பி என்றால் மீட்டருக்கு ஏறத்தாழ 700 கிராம். உள்ளே இருப்பதோ 2.5 சதுர மி.மீ. கோர் மூன்று, காப்பர் மட்டும் சுமார் 67 கிராம். டேட்டா ஷீட்டில் கிலோமீட்டருக்கு இத்தனை கிலோ என்று போட்டிருப்பார்கள். அதிலிருந்து அடர்த்தியைக் கணக்கிட்டு 'கேபிள்' என்று தனி மெட்டீரியல் ஒன்று உருவாக்கி வைத்துக்கொள்ளுங்கள். நீளம் மாறும்போது எடையும் சேர்ந்து மாறும்.

பாலக்கோடு, டிப்பர் டிரெய்லர் செய்பவர்: அரை அங்குல ஹைட்ராலிக் ஹோஸை மாடலில் அழகாக வளைத்து நீளம் எடுத்துக் கொடுக்கிறோம். வந்த ஹோஸைப் பொருத்தினால் ஒன்று இழுத்துப் பிடிக்கிறது, அல்லது ஃபிட்டிங் பக்கத்தில் மடங்குகிறது.

மாடலில் ஹோஸை நூல் போல வளைத்திருப்பீர்கள். இரண்டு கம்பிப் பின்னல் உள்ள ஆர்2ஏடி வகை அரை அங்குல ஹோஸுக்குக் குறைந்தபட்ச வளைவு ஆரம் 178 மி.மீ. கால் அங்குலத்துக்கு 102, முக்கால் அங்குலத்துக்கு 241. 178 ஆரத்தில் ஒரு யு-வளைவு போட்டால் இரு முனைகளுக்கும் இடையே 356 மி.மீ. வேண்டும். உங்கள் இரண்டு போர்ட்டும் 250 இடைவெளியில் இருந்தால் நேர் ஃபிட்டிங் போட்டு யு-வாக வளைக்க வழியே இல்லை. ஒரு பக்கமாவது எல்போ (வளைந்த ஃபிட்டிங்) போட்டாக வேண்டும்.

யு-வளைவின் நீளம் 3.14 பெருக்கல் 178, அதாவது 559. ஃபிட்டிங்கை விட்டு வந்த உடனே வளைக்கக் கூடாது, வெளிவிட்டத்தின் இரு மடங்காவது நேராக வர வேண்டும். பக்கத்துக்கு 50 வீதம் 100 சேர்த்தால் ஹோஸ் மட்டும் 660 மி.மீ. சுமார். உங்கள் ஹோஸ் ஃபிட்டிங் பக்கத்தில் மடங்குவது இந்த 50 இல்லாததால்.

இழுத்துப் பிடிப்பதற்குக் காரணம் வேறு. அழுத்தம் ஏறினால் இந்த வகை ஹோஸின் நீளம் 2 சதவீதம் கூடலாம், 4 சதவீதம் குறையவும் செய்யலாம். 660-க்கு 26 மி.மீ. குறைவு. மாடலில் விறைப்பாக வரைந்த ஹோஸ் டிப்பர் தூக்கும்போது ஃபிட்டிங்கைப் பிடித்து இழுப்பது அதனால்தான். தொட்டி கீழே, நடுவே, முழுக்க மேலே என்று மூன்று நிலையிலும் வழி நீளத்தை எடுத்து, அதில் பெரியதற்கு மேல் இந்த 4 சதவீதத்தைச் சேர்த்து ஆர்டர் கொடுங்கள்.

ஆர்டரில் நீளத்தை எங்கிருந்து எங்கே அளப்பது என்பதையும் எழுத வேண்டும். நேர் ஃபிட்டிங்குக்குச் சீட் முகம் வரை, எல்போவுக்கு அதன் வாய் மையக்கோடு வரை. இரு பக்கமும் எல்போ என்றால் ஒன்றுக்கொன்று எத்தனை டிகிரி திரும்பி நிற்கிறது என்பதும் வேண்டும். அது இல்லாமல் வந்த ஹோஸை முறுக்கித்தான் மாட்டுவார்கள், முறுக்கிய ஹோஸ் சீக்கிரம் போய்விடும். பட்டியலில் ஹோஸை மீட்டரிலும் ஃபிட்டிங்கை எண்ணத்திலும் தனித்தனியாகக் காட்டாதீர்கள், க்ரிம்ப் செய்து (ஃபிட்டிங்கை ஹோஸோடு நெரித்துப் பொருத்தி) வாங்குவதானால் முழுவதும் ஒரே பார்ட் நம்பர்தான்.

கிருஷ்ணகிரி, கிரானைட் வெட்டும் மெஷின் தயாரிப்பு: டிராக் செயினின் ஒவ்வொரு கண்ணிக்கும் மேட் (பாகங்களை ஒன்றோடொன்று பொருத்தும் கட்டு) கொடுத்தோம். ஃபைல் திறக்கவே டீ குடித்துவிட்டு வர வேண்டியிருக்கிறது.

கண்ணிகளை எடுத்துவிடுங்கள். மேல் நேர்க்கோடு, அரைவட்டம், கீழ் நேர்க்கோடு என்று ஒரே ஸ்கெட்ச். அதன் மீது செயினின் வெளிக் கட்டம் ஸ்வீப். நகரும் முனையை வண்டியோடு கட்டினால் அரைவட்டம் தானாக நகரும். மொத்த நீளம் மாறாமல் இருக்கப் பாதை நீளத்துக்கு 'பாத் லெங்த்' டைமென்ஷன் கொடுங்கள்.

நீளக் கணக்கு: நிலையான முனை ஓட்டத்தின் நடுவில் இருந்தால், ஓட்டத்தில் பாதி, அதோடு 3.14 பெருக்கல் வளைவு ஆரம், அதோடு இரண்டு கண்ணி. ஓட்டம் 3200, ஆரம் 150, கண்ணி 60 மி.மீ. என்றால் 1600, 471, 120 சேர்ந்து 2191. 60-ஆல் வகுத்து மேலே திரட்டினால் 37 கண்ணி. பட்டியலில் செயின் 37 கண்ணி, முனை பிராக்கெட் ஒரு ஜோடி என்று போக வேண்டும். நிலையான முனையை ஒரு ஓரத்தில் வைத்துவிட்டு இதே கணக்கைப் போட்டால் செயின் பாதி தூரத்தில் நின்றுவிடும்.

உள்ளே கேபிள்களை நெருக்கி அடைக்காதீர்கள், விட்டத்தில் 10 சதவீதம் இடம் சுற்றிலும் வேண்டும். கிரானைட் குழம்பு தெறிக்கிற இடம் என்பதால் மூடிய வகைச் செயினைப் பார்ப்பது நல்லது.

பர்கூர், பொறியியல் மாணவர்: ஸ்பிரிங் அசெம்பிளியில் அமுங்கி இருக்கிறது, டிராயிங்கில் ஃப்ரீ லெங்த் (அமுங்காத நீளம்) வேண்டும். எதை வரைவது?

ஒரே மாடல்தான், உயரம் பாராமீட்டர். கம்பி 2 மி.மீ., வேலை செய்யும் சுற்று 8, முனைகள் மூடித் தேய்த்தது, ஆக மொத்தச் சுற்று 10 என்று கொள்வோம். பிட்ச் (அடுத்தடுத்த சுற்றுகளின் இடைவெளி) என்பது உயரத்திலிருந்து இரண்டு கம்பி விட்டத்தைக் கழித்து 8-ஆல் வகுத்தது. ஃப்ரீ லெங்த் 60 என்றால் பிட்ச் 7. அசெம்பிளியில் 45 என்றால் 5.125. இந்தச் சமன்பாட்டை ஹெலிக்ஸுக்கு (ஸ்பிரிங்கின் சுருள் கோடு) கொடுத்துவிட்டால் உயரம் மாறப் பிட்ச் மாறும், சுற்று மாறாது. சுற்று எண்ணிக்கை மாறுகிற மாதிரி வரைந்தால் அது வேறு ஸ்பிரிங். 20 மி.மீ.க்குக் கீழே போக விடாதீர்கள், அதுதான் சுற்றுகள் ஒன்றையொன்று தொட்டு நிற்கும் சாலிட் லெங்த். பட்டியலிலும் டிராயிங்கிலும் ஃப்ரீ லெங்த்.

தருமபுரி: ஓ-ரிங்கைப் பள்ளத்தில் வைத்தால் இன்டர்ஃபியரன்ஸ் (ஒன்றுக்குள் ஒன்று புகுதல்) என்று சிவப்பாகக் காட்டுகிறது.

காட்டட்டும், நசுங்கினால்தான் அது சீல் செய்யும். அசையாத இடத்தில் குறுக்களவில் 15 முதல் 25 சதவீதம் நசுக்கம் சாதாரணம். 3.53 மி.மீ. குறுக்கு விட்டத்துக்கு 20 சதவீதம் என்றால் 0.7 மி.மீ. வட்டமாகவே விட்டு, இந்த ஜோடியை இன்டர்ஃபியரன்ஸ் பட்டியலில் 'இக்னோர்' செய்யுங்கள். நசுங்கிய வடிவத்தை வரைந்து அதன் அளவைப் பட்டியலில் எழுதிவிட்டால் கடையில் அப்படி ஒரு ஓ-ரிங் கிடைக்காது.

ஓசூர், இருசக்கர வாகன உதிரிபாகப் பிரிவு: கிளட்ச் கேபிளை ஹேண்டில் நேராக இருக்கும்போது வரைகிறோம். லாக் (ஹேண்டில் திரும்பும் எல்லை) வரை திருப்பினால் என்ன ஆகும் என்று எப்படிப் பார்ப்பது?

நேர், இடது லாக், வலது லாக் என்று மூன்று நிலை. மூன்றிலும் வெளி உறையின் நீளம் ஒன்றே. முதலில் நீளத்தைக் கட்டாமல் மூன்றிலும் இயல்பான வழியை வரைந்து அளங்கள். எடுத்துக்காட்டாக 1085, 1102, 1060 என்று வந்தால் 1102-க்குக் கீழே கேபிள் இருக்கவே முடியாது. பிறகு நீளத்தை 1105 என்று பூட்டிவிட்டு மற்ற இரண்டு நிலையையும் மறுபடி வரையுங்கள். வலது லாக்கில் 45 மி.மீ. மிச்சம் எங்கே புடைக்கிறது என்பதுதான் பார்க்க வேண்டிய இடம். ஹெட்லைட் மூடிக்குப் பின்னாலா, ஃபோர்க் டியூபில் உரசியா என்று பாருங்கள். நேர் நிலையை மட்டும் பார்த்துப் பாஸ் செய்த கேபிள் உறை தேய்வது இங்கேதான். உள் கம்பி தனி நீளம், வெளி உறை தனி நீளம், இரண்டையும் டிராயிங்கில் எழுதுங்கள். பட்டியலில் கேபிள் ஒரே வரி.

கிருஷ்ணகிரி: கேபிள் டை, கிரீஸ், லாக்கிங் பசை இதையெல்லாமும் வரைய வேண்டுமா?

வேண்டாம். உருவம் இல்லாத 'வர்ச்சுவல் காம்பொனென்ட்' போட்டு எண்ணிக்கையோ கிராமோ எழுதினால் பட்டியலில் வந்துவிடும். இதற்கு நேர்மாறு வாடிக்கையாளரின் ரோபோ கேபிள்: கண்ணுக்குத் தெரிய வேண்டும், பட்டியலில் வரக் கூடாது. அதற்கு இன்வென்டரில் 'ரெஃபரன்ஸ்', சாலிட்வொர்க்ஸில் 'எக்ஸ்க்லூட் ஃப்ரம் பில் ஆஃப் மெட்டீரியல்ஸ்'.

அரூர், டிப்ளமோ மாணவர்: காசு கொடுத்து மென்பொருள் வாங்க வசதி இல்லை. இலவச கேட் மென்பொருளான ஃப்ரீகேடில் இதெல்லாம் நடக்குமா?

பெரும்பாலும் நடக்கும். 2024 நவம்பரில் வந்த 1.0 பதிப்பிலிருந்து அசெம்பிளி வொர்க்பெஞ்ச் உள்ளேயே இருக்கிறது. டிராஃப்டில் பி-ஸ்ப்ளைன் வரைந்து, பார்ட் வொர்க்பெஞ்சில் வட்டத்தை அதன் மீது ஸ்வீப் செய்யுங்கள். நீளத்துக்கு ஸ்ப்ரெட்ஷீட்டில் ஒரு கட்டத்தில் சமக்குறி போட்டு, ஸ்ப்ளைனின் பெயர், புள்ளி, 'ஷேப்', புள்ளி, 'லெங்த்' என்று ஆங்கிலத்தில் எழுதினால் ஸ்ப்ளைனை இழுக்க இழுக்க எண் மாறும். ஸ்வீப் செய்த திடப்பொருளின் பெயரைக் கொடுத்தால் நீங்கள் தேடும் நீளம் வராது, ஸ்ப்ளைனின் பெயரையே கொடுங்கள். அடுத்த கட்டத்தில் முனைக் கூட்டலைச் சேர்த்து வெட்டு நீளத்தை எடுத்துக்கொள்ளுங்கள்.